‘ஜங்கிள் புக்’ எழுதியவரின் அம்மா: சிற்பியின் மனைவி ஆலிஸ் கிப்ளிங் பிள்ளைகளை ஏன் விட்டுப் போனார்?

1871-ஆம் ஆண்டின் பிற்பகுதி. இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத்தை ஒட்டிய சவுத்சீ என்ற ஊர். பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பதி, 5 வயது மகனையும் 3 வயது மகளையும் முன்பின் பழக்கமில்லாத ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். பத்திரிகை விளம்பரம் மூலம் கிடைத்த வீடு அது. ‘நாங்க திரும்ப இந்தியா போறோம், நீங்க இங்கேதான் இருக்கணும்’ என்று பிள்ளைகளிடம் விளக்கவில்லை. அம்மா மறுபடி வந்து நின்றபோது ஏறக்குறைய ஐந்தரை வருடம் ஓடியிருந்தது.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் மௌக்லியைப் படைத்து ‘தி ஜங்கிள் புக்’ எழுதிய ருட்யார்ட் கிப்ளிங். அப்பா ஜான் லாக்வுட் கிப்ளிங், பம்பாய் கலைப் பள்ளியில் சிற்பம் சொல்லிக் கொடுத்தவர். அம்மா ஆலிஸ்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இப்படி ஒரு கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வளைகுடாவில், பிள்ளைகள் பாட்டி வீட்டில் என்று வளர்ந்தவர்களைத் தோல் தொழில் ஊர்களில் பலருக்கும் தெரியும். கிப்ளிங் குடும்பத்தில் திசை மட்டும்தான் வேறு. வேலை இந்தியாவில், பிள்ளைகள் இங்கிலாந்தில்.

உலகப் புகழ் பெற்ற மகன் அந்த நாட்களைப் பற்றிக் கதையாகவும் சுயசரிதையாகவும் எழுதிவிட்டார். அம்மாவின் கதை அந்த அளவுக்குத் தெரியாது. யார் இந்த ஆலிஸ்? அவர் ஏன் அப்படிச் செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

பாதிரியார் வீட்டுப் பெண்

ஆலிஸ் மெக்டொனால்ட் 1837 ஏப்ரல் 4 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். விக்டோரியா ராணி அரியணை ஏறியதும் அதே ஆண்டில்தான். அப்பா ஜார்ஜ் பிரவுன் மெக்டொனால்ட், மெத்தடிஸ்ட் திருச்சபைப் போதகர். அம்மா ஹன்னா. பிறந்த குழந்தைகள் 11; அவர்களில் சிலர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர்.

மெத்தடிஸ்ட் போதகர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். மூட்டை கட்டு, வேறு ஊர், வேறு வீடு. கையில் பெரிய பணம் இல்லை. ஆனால் வீட்டில் புத்தகம், பாட்டு, பேச்சுக்குக் குறைவில்லை.

ஆலிஸ் கவிதை எழுதுவார், நன்றாகப் பாடுவார், வாயைத் திறந்தால் கிண்டல். அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தலைமுடிக் கற்றை ஒன்றைக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. அதை எடுத்த ஆலிஸ், ‘நம்மைக் கடித்த நாயின் முடி’ என்று சிரித்தபடி நெருப்பில் போட்டாராம். போதகர் வீட்டில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

திருமணத்துக்கு முன்பு அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிச்சயமாகி முறிந்தது. விக்டோரியா காலத்தில் பெண் வீட்டாருக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு என்பதை நம்ம ஊர்க்காரர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம்.

சிற்பி என்றால் எப்படிப்பட்ட சிற்பி?

லாக்வுட் கிப்ளிங்கும் மெத்தடிஸ்ட் போதகரின் மகன்தான். பிறந்ததும் அதே 1837. பளிங்கில் பெரிய மனிதர்களின் சிலை செதுக்கிப் பெயர் வாங்கிய சிற்பி அல்ல அவர். பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன பர்ஸ்லம் நகரில் களிமண்ணில் கைப்பழகியவர். பிறகு லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் சுடுமண் அலங்கார வேலையில் சேர்ந்தார். இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் கட்டடம் அது. சுருக்கமாகச் சொன்னால், கட்டடங்களுக்கு அழகு சேர்க்கும் சிற்பி.

பர்ஸ்லமில் போதகராக இருந்த ஆலிஸின் தம்பி ஃபிரெட்ரிக் வழியாக இருவருக்கும் அறிமுகம். 1863-ல் ருட்யார்ட் என்ற ஏரிக்கரைக்குப் போன உல்லாசப் பயணத்தில் சந்தித்தார்கள். மகனுக்கு வைத்த பெயர் அந்த ஏரியின் பெயர்தான்.

1865 மார்ச் 18 அன்று லண்டனில் கல்யாணம். அடுத்த மாதமே கப்பல். பம்பாயில் சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் கலைப் பள்ளியில் கட்டடச் சிற்பம் கற்பிக்கும் வேலை கிடைத்திருந்தது. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 4 வருடம் இருந்த காலம் அது. டிசம்பர் 30 அன்று பம்பாயில் ருட்யார்ட் பிறந்தார். பிரசவம் மிகவும் கடினமாக இருந்தது.

தோல் அங்கே, ஆசிரியர் இங்கே

ஆங்கிலேய அரசுக்கு இந்தியாவில் கலைப் பள்ளி எதற்கு? கைவினைஞர்களைப் பயிற்றுவித்து, ஏற்றுமதிக்கும் புதிய அரசுக் கட்டடங்களுக்கும் பயன்படுத்துவது ஒரு முக்கிய நோக்கம்.

இதில் சென்னைதான் முன்னோடி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-லேயே இங்கே கலைப் பள்ளி தொடங்கிவிட்டார். பம்பாய்ப் பள்ளி தொடங்கியது 1857-ல். ஹண்டரின் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. தோல் வியாபாரத்துக்காகச் சென்னை போகிறவர்களுக்கு நன்றாகப் பழக்கமான பெரியமேட்டில், ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. அங்கிருந்து கலை ஆசிரியரும் இன்ஜினீயரும் கலெக்டரும் இங்கே வந்தார்கள். கிப்ளிங் தம்பதி இந்தப் போக்குவரத்தில் வந்த ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பம். லண்டனில் கிடைக்காத பதவியும் வேலையாட்களும் பங்களாவும் இங்கே கிடைத்தன.

மும்பை கிராஃபோர்ட் மார்க்கெட் வாசலுக்கு மேலே இருக்கும் புடைப்புச் சிற்பங்கள் லாக்வுட்டின் கைவண்ணம். அந்த மார்க்கெட்டின் இன்றைய பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டை.

பிள்ளைகளை ஏன் விட்டார்கள்?

இரண்டாவது பிரசவத்துக்கு ஆலிஸ் இங்கிலாந்து போனார். 1868 ஜூனில் மகள் பிறந்தாள். பெயர் அவளுக்கும் ஆலிஸ். வீட்டில் கூப்பிடுவது டிரிக்ஸ். 1870-ல் பம்பாயில் பிறந்த மூன்றாவது குழந்தை, ஒரு பையன், தங்கவில்லை. அடுத்த வருடம்தான் சவுத்சீ.

இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் பிள்ளைகளை 5, 6 வயதில் ஊருக்கு அனுப்புவது அன்று வழக்கம். மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன.

- நோய் பயம்: காலரா, காய்ச்சல், வெயில். கைக்குழந்தையை இழந்த வீட்டில் இந்தப் பயம் வெறும் பேச்சாக இருந்திருக்காது.
- பேச்சு: ருட்யார்டும் டிரிக்ஸும் ஆயாவிடமும் வேலையாட்களிடமும் வளர்ந்தார்கள். பையனுக்கு இந்துஸ்தானிதான் சரளம். அப்பா அம்மாவிடம் போகும்போது ‘இங்கிலீஷில் பேசணும்’ என்று சொல்லி அனுப்புவார்களாம். இந்திய வாடை அடிக்கும் இங்கிலீஷ் பேசினால் ஆங்கிலேயர் மத்தியில் மதிப்பு குறையும் என்ற எண்ணம் இருந்தது.
- படிப்பு: நல்ல வேலைக்கு இங்கிலாந்துப் பள்ளிப் படிப்பு தேவை. ஊட்டி லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-லேயே தொடங்கியிருந்தது. ஆனால் அது ராணுவச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக வந்தது. கையில் காசு இருந்தவர்கள் கப்பல் டிக்கெட்தான் எடுத்தார்கள்.

ஆக, அனுப்பியதில் அதிசயம் இல்லை. கூடவே இருந்து வளர்க்க அம்மாவும் இங்கிலாந்திலேயே தங்கியிருக்கலாம்; சில பெண்கள் அப்படித் தங்கினார்கள். கணவனா, பிள்ளைகளா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் மனைவியின் முன்புதான் வந்து நின்றது. ஆலிஸ் கணவனோடு பம்பாய் திரும்பினார்.

சொந்தக்காரர்கள் இல்லையா?

இருந்தார்கள். தங்கைகள் மூன்று பேர் வசதியான வீடுகளில் வாழ்ந்தார்கள். அப்புறம் ஏன் அந்நியர் வீடு? ருட்யார்டும் டிரிக்ஸும் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது.

சொந்தத்தில் விட்டால் சிக்கல் வரும் என்று அம்மா நினைத்ததாக டிரிக்ஸ் பின்னாளில் எழுதினார். 1868-ல் ஊருக்குப் போனபோது இரண்டரை வயது ருட்யார்ட் தாத்தா வீட்டில் போட்ட கூச்சலையும் அடத்தையும் சொந்தக்காரர்கள் மறக்கவில்லை. ‘உன் பையன் இப்படிப் பண்றான்’ என்று தங்கை வீட்டுக் கடிதம் வருவதைவிட, காசு கொடுத்து வேறு இடத்தில் விடுவது மேல் என்று ஆலிஸ் கணக்குப் போட்டிருக்கலாம்.

அந்த வீட்டில் என்ன நடந்தது?

வீட்டின் பெயர் லார்ன் லாட்ஜ். வீட்டுக்காரர் கேப்டன் ஹாலோவே, கடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையனிடம் பாசமாக இருந்தார். 1874-ல் அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு எல்லாமே அவர் மனைவி சாரா கையில். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் மதக் கண்டிப்பு, அடி, அந்த வீட்டுப் பையனின் சீண்டல் என்று போன நாட்களை ருட்யார்ட் எழுதியிருக்கிறார். ஒருமுறை ‘பொய்யன்’ என்று அட்டையில் எழுதி முதுகில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். டிரிக்ஸை மட்டும் அந்த அம்மா செல்லமாக வைத்துக்கொண்டார்.

வருடத்தில் ஒரு மாதம் விடுதலை. டிசம்பரில் ருட்யார்ட், லண்டனில் சித்தி ஜார்ஜியானாவின் ‘தி கிரேஞ்ச்’ வீட்டுக்குப் போவார். அந்த வாசல் மணியின் இழுப்புக் கம்பியைப் பெரியவரானதும் கேட்டு வாங்கித் தன் சொந்த வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார். அந்த மணியை இழுக்கும் மற்ற குழந்தைகளும் சந்தோஷமாக இருக்கட்டும் என்பது அவர் ஆசை.

அவ்வளவு பிரியமான சித்தியிடமே ஏன் சொல்லல? சித்தியும் பிறகு பலமுறை இதைக் கேட்டிருக்கிறார். குழந்தைகள் தங்களுக்கு நடப்பதை ‘இதுதான் வாழ்க்கை போல’ என்று ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் சொல்வதில்லை என்பது ருட்யார்டின் பதில்.

பையனின் கண் பார்வை மோசமானது தெரிந்து, 1877-ல் ஆலிஸ் கிளம்பி வந்தார். முதல் நாள் இரவு முத்தம் கொடுக்கக் குனிந்த அம்மாவைப் பார்த்து, அடி விழப்போகிறது என்று நினைத்துப் பையன் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். இதுவும் ருட்யார்ட் எழுதியதுதான்.

ருட்யார்ட் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ருட்யார்ட் 1878-ல் போர்டிங் பள்ளிக்குப் போன பிறகும் டிரிக்ஸ் மறுபடி அதே வீட்டுக்கு அனுப்பப்பட்டதை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் மிஸஸ் ஹாலோவேக்குப் பிடித்த பிள்ளையாக இருந்த டிரிக்ஸே பின்னாளில் எழுதியது கவனிக்க வேண்டியது. பெற்றோர் ஏன் விட்டுப் போனார்கள் என்றே புரியாததுதான் பெரிய துக்கம்; முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை; அம்மா, அப்பா இருவரும் ஒரே நாளில் செத்துப்போன மாதிரி இருந்தது என்ற பொருளில் எழுதினார். அடியைப் பற்றி அல்ல, யாரும் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் அவர் வருத்தப்பட்டார்.

லாகூர்: நான்கு பேரும் ஒன்றாக

1875-ல் லாக்வுட் லாகூருக்கு மாறினார். புதிதாகத் தொடங்கிய மேயோ கலைப் பள்ளியின் முதல்வர், கூடவே லாகூர் அருங்காட்சியகக் காப்பாளர். அந்தப் பள்ளி இன்று பாகிஸ்தானின் தேசியக் கலைக் கல்லூரி. ‘கிம்’ நாவலின் தொடக்கத்தில் வரும் அருங்காட்சியகக் காப்பாளர் பாத்திரத்துக்கு மாதிரி லாக்வுட்தான். அந்த நாவலின் படங்களுக்காக அவர் களிமண் புடைப்புச் சிற்பங்கள் செய்து, அவற்றைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டார்கள்.

1882-ல் ருட்யார்ட் 16 வயதில் லாகூர் வந்து ‘சிவில் அண்ட் மிலிட்டரி கெஜட்’ நாளிதழில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இறுதியில் டிரிக்ஸும் வந்தார். ஆலிஸ் இதைக் ‘குடும்பச் சதுரம்’ என்று அழைத்தார். சதுரத்துக்கு நான்கு மூலை.

சிம்லாவில் வைஸ்ராய் டஃபரின் பிரபுவே ஆலிஸின் பேச்சுக்கு ரசிகர். மிஸஸ் கிப்ளிங் இருக்கும் அறையில் சலிப்பு இருக்க முடியாது என்பாராம். அவர் மகனுக்கு டிரிக்ஸ் மேல் காதல் வந்ததும் கதை மாறியது. ‘உங்கள் பெண்ணை வேறு மலைவாசஸ்தலத்துக்கு அனுப்பலாமே’ என்று வைஸ்ராய் சொல்ல, ‘உங்கள் பையனை ஊருக்கு அனுப்பலாமே’ என்று ஆலிஸ் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊருக்குப் போனது பையன்தான். டிரிக்ஸ் 1889-ல் ஜான் ஃபிளெமிங் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார்.

ஆலிஸ் எழுதினாரா?

எழுதினார். ஆனால் அவர் எழுத்து பெரும்பாலும் வேறு யாருடைய பெயரோடாவது சேர்ந்தே நிற்கிறது.

- 1881: பள்ளியில் இருந்த மகனின் கவிதைகளைத் திரட்டி, அவருக்குத் தெரியாமலே லாகூரில் ‘ஸ்கூல்பாய் லிரிக்ஸ்’ என்று அச்சிட்டார். ருட்யார்டின் முதல் புத்தகம் அது.
- 1885: நான்கு பேரும் சேர்ந்து எழுதிய கிறிஸ்துமஸ் மலர் ‘குவார்டெட்’.
- 1891: ருட்யார்டின் ‘தி இங்கிலீஷ் ஃபிளாக்’ கவிதையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வரி அம்மா எடுத்துக் கொடுத்தது. மகனே இதை ஒப்புக்கொண்டார்.
- 1900-களின் தொடக்கம்: டிரிக்ஸுடன் சேர்ந்து ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ கவிதைத் தொகுப்பு. அட்டையில் பெயர் இல்லை. ‘ஒரு தாயும் மகளும்’ என்றுதான் இருந்தது.

அக்கா தங்கைகள்: ஒரு பார்வை

- ஜார்ஜியானா: கணவர் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ்.
- ஆக்னஸ்: கணவர் ஓவியர் எட்வர்ட் பாய்ன்டர். 1896 முதல் 1918 வரை ராயல் அகாடமியின் தலைவர்.
- லூயிசா: கணவர் இரும்புத் தொழிலதிபர் ஆல்ஃபிரட் பால்ட்வின். மகன் ஸ்டான்லி பால்ட்வின் 3 முறை பிரிட்டிஷ் பிரதமர்.
- ஈடித்: திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஸ்டான்லி பால்ட்வினுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1935 இந்திய அரசுச் சட்டம் ஒப்புதல் பெற்றபோது அவர்தான் பிரதமர். அந்தச் சட்டப்படி நடந்த 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்று, ராஜாஜி பிரீமியர் ஆனார். ஆலிஸின் மகன் பேரரசின் கவிஞர் என்று பெயர் எடுத்தார். தங்கை மகன் ஆட்சியில் இந்தியருக்கு மாகாண அதிகாரம் வந்தது.

கடைசி வருடங்கள்

1891 இறுதியில் ருட்யார்ட் பெற்றோரைப் பார்க்கக் கொழும்பு வழியாக வந்தார். தென்னிந்தியா வழியே லாகூர் வரை 4 நாள் ரயில். சிறு வயதில் இந்துஸ்தானி பேசி வளர்ந்தவருக்குச் சுற்றிலும் பேசிய மொழி ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதுதான் அவருடைய கடைசி இந்தியப் பயணம். 1893-ல் லாக்வுட் ஓய்வு பெற, தம்பதி இங்கிலாந்தின் டிஸ்பரி கிராமத்தில் குடியேறினார்கள்.

1898-ல் டிரிக்ஸுக்கு மனநலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போது மகளுக்கு வயது 30. ஆலிஸுக்கு 61. மகளை மருத்துவமனையிலோ வேறு யாரிடமோ விட ஆலிஸுக்கு மனமில்லை. தன்னோடுதான் இருக்கணும் என்று அடம்பிடித்து, டிஸ்பரி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். மூன்று வயதில் விட்டுப் போன அதே மகள்.

1907-ல் ருட்யார்டுக்கு நோபல் பரிசு கிடைத்ததைப் பார்த்துவிட்டு, 1910 நவம்பர் 22 அன்று ஆலிஸ் இறந்தார். இரண்டு மாதம் கடந்த கொஞ்ச நாளில் லாக்வுட்டும் போய்விட்டார். டிரிக்ஸ் மீண்டு 1948 வரை வாழ்ந்தார்.

அம்மா தரப்பு எங்கே?

பெற்றோர் இறந்த கையோடு, அவர்களின் காகிதங்களில் பெரும்பகுதியை ருட்யார்ட் எரித்துவிட்டார். டிரிக்ஸுக்கு இதில் கடைசிவரை வருத்தம். சவுத்சீயைப் பற்றி மகன் எழுதிய ‘பா பா, பிளாக் ஷீப்’ கதை 1888-ல் அலகாபாத்தில் வெளியானபோது ஆலிஸ் லாகூரில் இருந்தார்; மகனின் குற்றச்சாட்டை அச்சில் படிக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு அவர் எதையும் வெளியிடவில்லை.

அதனால் 1871-ன் முடிவைப் பற்றி இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிள்ளைகள் சொன்னதுதான். லாக்வுட் அதே முடிவில் சரிபாதிப் பங்கு உள்ளவர். பம்பாயில் சம்பளம், பதவி எல்லாம் அவர் வேலைக்குத்தான். ஆனாலும் நூறு வருடத்துக்கு மேலாக ‘எப்படி மனசு வந்தது?’ என்ற கேள்வி அம்மாவைப் பார்த்துத்தான் அதிகம் கேட்கப்படுகிறது. அப்பாவைப் பற்றிய பேச்சு சிற்பத்திலும் அருங்காட்சியகத்திலும் முடிந்துவிடுகிறது.